அப்பாவிடம் ஆடிய சாமி இப்போது எங்கே இருக்கிறது?

கருக்கல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணி ஆற்றுக்குத் தென்கரை. அப்பா 31 வருஷம் எங்கள் சுடலைமாடசாமிக்குச் சாமியாடும் கோமரத்தாடியாக இருந்தார். போன கார்த்திகையில் இறந்துவிட்டார். நான் இங்கிலாந்தின் தென்மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறேன். தகவல் வந்து நான் போய்ச் சேரும்வரை அப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். நீர்மாலை எடுத்து, கொள்ளி வைத்து, மறுநாள் காடாத்துக்குப் போய் எலும்பு பொறுக்கி, பால் ஊற்றி, எரிந்த இடத்தைக் கொத்திவிட்டு நவதானியம் தூவினேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து நாலாம் நாள் விமானம் ஏறிவிட்டேன். எல்லாம் யாரோ சொல்லச் சொல்லச் செய்ததுதான். ஏன் செய்கிறோம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கேட்டது பக்கத்து வீட்டு அம்மா. எழுபதுக்கு மேல் வயது, தனியாக இருக்கிறார். தன்னைப் பேகன் என்று சொல்லிக்கொள்வார். சூரியன் தெற்கே போய்த் திரும்பும் நாள், வடக்கே போய்த் திரும்பும் நாள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள், இவற்றுக்கு இடையில் நாலு நாள் என்று வருஷத்தில் எட்டுப் பண்டிகை கும்பிடுகிறார். கோயில் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆப்பிள் மரம், அதன் அடியில் ஒரு தட்டைக் கல், அவ்வளவுதான்.

அக்டோபர் 31 இரவு அவர்களுக்கு முக்கியம். கோடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்கும் நாள். உயிரோடு இருப்பவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவில் இருக்கும் திரை அன்றைக்கு மெலிந்துவிடும் என்பார். அந்தப் பண்டிகையின் பெயர் ஐரிஷ்காரர்களின் மொழியிலிருந்து வந்தது. அவர் சொன்னபோது என் காதில் 'சாவின்' என்றே விழுந்தது. தற்செயல்தான், ஆனாலும் ஒரு நிமிஷம் திடுக்கிட்டேன். அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மேஜையில் மூன்று தட்டு. மூன்றாவது, இறந்துபோன அவர் கணவருக்கு. ரொட்டி, ஒரு வாய் கறி, அறுத்த ஆப்பிள், ஒரு தம்ளர் ஆப்பிள் மது. சாப்பிட்டு முடிக்கும்வரை பேசக் கூடாது. மறுநாள் காலையில் அந்தத் தட்டை மரத்தடியில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். முதலில் வந்தது ஒரு காக்கா. நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன், அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு மூன்று வாரத்தில் அப்பா போய்விட்டார். நான் திரும்பி வந்ததும் அந்த அம்மா கேட்டது இது: "உன் அப்பாவின் ஆவி திரும்பி வரும் என்று உங்கள் ஆட்கள் நம்புகிறார்களா? எந்த நாள்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அப்பாவுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சுருக்குப் பையில் வெற்றிலை வைத்திருக்கும் என் அப்பா. இன்னொருவர் கொடைத் திருவிழாவின் நடுராத்திரிப் பூசையான சாமக்கொடையில், மணி தைத்த அரைக்கால்சட்டையான சல்லடமும் குல்லாயும் கட்டி, வல்லயம் என்னும் ஈட்டியைக் கையில் பிடித்து, என்னை 'ஏலே' என்று பெயர் தெரியாத ஆள் மாதிரி கூப்பிட்டுத் திருநீறு போடும் சுடலை மாயாண்டி. சின்ன வயதில் எனக்கு அவரிடம் பயம். விடிந்ததும் அப்பா களைத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து கடுங்காப்பி கேட்பார். இரவு நடந்தது அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அப்பா எரிந்ததை நான் பார்த்தேன். அந்த மாயாண்டி எங்கே போனார்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சுடலையின் மண்பீடம் கரைந்து ஆற்றோடு போனது. தண்ணீர் வடிந்த அன்றே அப்பா அந்த வெறும் சேற்றில் ஒரு விளக்கு ஏற்றி வைத்தாராம். தை மாதம் அதே இடத்து மண்ணைக் குழைத்துப் பீடம் எழுப்பினார்கள். அப்பா இல்லாத முதல் கொடை இந்தச் சித்திரையில் வருகிறது. நான் வரலாமா? தீட்டு உண்டா? பிடிமண் எடுத்துவந்து இங்கே அந்த ஆப்பிள் மரத்தடியில் வைக்கலாமா? பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டீச்சர்_வீரவநல்லூர் எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவுக்கு என் கும்பிடு. 31 வருஷம் கோமரத்தாடியாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எத்தனை நாள் வாயைக் கட்டியிருப்பார், எத்தனை நாள் வெறுந்தரையில் படுத்திருப்பார் என்று உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும்.

நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கன்னடியன் கால் என்னும் வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. சாஸ்திரம் படித்தவள் இல்லை, வீட்டில் நடப்பதை வைத்துத்தான் சொல்லுவேன்.

எங்கள் வீட்டு உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்குகிறது. என் மாமனாரின் அக்கா, 9 வயதில் காமாலையில் போனவள், அதில் இருக்கிறாள். கன்னி. தை மாதம் பெட்டியை இறக்குவோம். மூடியைத் திறந்ததும் பனையோலையும் சூடமும் பழைய துணியும் கலந்த ஒரு வாசனை வரும், வேறெங்கும் அந்த வாசனை கிடையாது. உள்ளே பாவாடை, சட்டை, ரிப்பன், ஒரு டஜன் கண்ணாடி வளையல், மைச்சிமிழ், ஒரு சின்ன மரச்சீப்பு. புதுத்துணி வைத்து, புட்டு அவித்துப் படைத்து, போன வருஷத்துப் பாவாடையை வீட்டில் அந்த வயதுப் பெண்பிள்ளை யார் இருக்கிறாளோ அவளுக்கு உடுத்திவிடுவோம். அந்தப் பாவாடையின் நீளம் இத்தனை வருஷத்தில் ஒரு விரற்கடை மாறவில்லை. எங்கள் தெருத் தையல்காரர் அளவு கேட்கமாட்டார். 'கன்னிக்கா டீச்சர்?' என்பார், கத்தரியை எடுத்துவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் வெட்டினாராம். என் மகள் அந்தப் பாவாடையை மூன்று வருஷம் உடுத்தினாள். நாலாம் வருஷம் அது கரண்டைக்கு மேலே ஏறிவிட்டது என்று உட்கார்ந்து அழுதாள். இப்போது அவள் மகளுக்கு ஏழு வயது.

அந்தப் பிள்ளையின் ஆவி எங்கே போயிற்று என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் கேட்டதே இல்லை. 'இந்தத் தைக்கு யார் துணி எடுக்க?' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அவள் இருக்கிறாள் என்பதில் சந்தேகம் இருந்தால்தானே எங்கே என்று தேட வேண்டும்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பா வேறு, அப்பாவிடம் வந்த சுடலை வேறு. கயிலாயத்தில் பார்வதி முந்தானை ஏந்த, விளக்குச் சுடரிலிருந்து விழுந்து பிறந்தவர் சுடலை. பால் போதாமல் மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்றதால் சிவன் அவரைப் பூமிக்கு அனுப்பினார் என்று வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். அவர் அப்பாவுக்கு முன்னாலும் இருந்தார், அப்பாவுடைய பாட்டனுக்கு முன்னாலும் இருந்தார். அப்பாவை அவர் எடுத்துக்கொண்டார், 31 வருஷம் வைத்துக்கொண்டார், விட்டார். இனி வேறொருவரை எடுப்பார். அடுத்த வருஷமே எடுக்கலாம், பத்து வருஷம் யாரையும் தொடாமலும் இருக்கலாம். எங்கள் ஊர்க் கோயிலில் ஆறு வருஷம் ஆளே வரவில்லை. சல்லடத்தையும் குல்லாயையும் ஒரு பலகையில் வைத்து, பலகைக்கு மாலை போட்டுக் கொடை கொடுத்தார்கள். யாரும் கலங்கவில்லை. பூக்கட்டிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, பெரியவர்கள் 'அவர் வரும்போது வரட்டும், அவசரம் நமக்குத்தான்' என்றார்கள்.

அப்பா முன்னோராகிவிட்டார். அவருக்கு அமாவாசைத் தண்ணீர், காக்காய்ச் சோறு, பண்டிகைக்குப் பண்டிகை இலையில் படையல். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் நீங்கள் இருக்கிற ஊரில் ஓடும் ஆறு போதும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய மதில் ஒன்றும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்கு மேலே மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் இருக்கிறாரே, அவர் மனுஷனாகப் பிறந்தவர்தான். பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். அவருக்குத் தோல்செருப்புதான் காணிக்கை. போன வருஷம் கட்டிய செருப்பை அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், காட்டில் அவர் நடக்கிறார் என்பார்கள். நான் ஒரு தடவை அங்கே தொங்கும் செருப்பில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குதிகாலில் ஓரமாகத் தேய்ந்திருந்தது, ஒரு பக்கம் அழுத்தி நடப்பவர் போல. அன்றிலிருந்து அந்தக் காட்டுப் பாதையில் நான் சத்தமாகப் பேசுவதில்லை.

அந்த அம்மாவைப் பற்றி. பேகன் என்றால் பழைய லத்தீனில் நாட்டுப்புறத்தான் என்று பொருள். நாம் நாட்டார் தெய்வம் என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். இடையன்குடியில் 1841 முதல் இருந்த கால்டுவெல் நம் மொழிக்குச் செய்த தொண்டு பெரிது, ஆனால் நம் சுடலையையும் இசக்கியையும் அவர் பேய் வழிபாடு என்றுதான் எழுதினார். அந்த அம்மாவின் முன்னோரையும் அப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள். இகழ்ந்து வைத்த பெயரைத் தானே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள்.

ஆனால் அவருடைய வருஷமும் நம் வருஷமும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே குளிரில் மண் சாகும். நமக்குக் குளிர்காலம்தான் பிசானம் என்னும் நெல் பருவம், ஐப்பசியில் நாற்றுப் பாவி மாசி பங்குனியில் அறுப்போம், மார்கழியில் வயல் பச்சையாக நிற்கும். நம் மண் சாவது சித்திரை வைகாசியில். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஆற்றில் மணல்தான் தெரியும். அந்த வெறுமையில்தான் கொடைக்குக் கால் நாட்டுகிறோம். அறுத்த நெல் குலுக்கையில் இருக்கும், கைக்கு வேலை இருக்காது, சாமிக்கு முழுசாகக் கொடுக்க முடியும். அப்புறம் ஆனி பிறந்ததும் ஒரு விஷயம் நடக்கும். நம் ஊரில் ஒரு துளி மழை இருக்காது, காற்று மட்டும் மேற்கேயிருந்து புழுதியை வாரி அடிக்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் ஏறும். மழை மலையில் பெய்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பாபநாசம் அணையைத் திறந்தால் கன்னடியன் காலில் செத்தை சருகைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, செம்மண் நிறத்தில் முதல் தண்ணீர் வரும். வாய்க்கால் கரையில் நின்று என் மாமியார் அதற்கு மஞ்சளும் பூவும் போடுவார். அவர் போய்விட்டார், நான் போடுகிறேன். திரும்பி வருவது என்றால் என்ன என்று அந்த அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள். நமக்கு அது ஒரு நாள் கணக்கு இல்லை.

பிடிமண் வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு பிடி மண் எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தால் அங்கே சாமி வந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். நீங்கள் அங்கே எத்தனை வருஷம்? வேலை மாறினால் யார் விளக்கு வைப்பார்? வேறொருவருடைய மரத்தடியில் நம் சாமியைப் பசியோடு விட்டுவரக் கூடாது.

தீட்டு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதிரி. எங்கள் பக்கம் பதினாறு கழிந்தால் பங்காளிகள் கோயிலுக்கு வரலாம், வரி கொடுக்கலாம், பொங்கலிடலாம். தலைப்பிள்ளை மட்டும் ஒரு வருஷம் சல்லடத்தைத் தொடமாட்டார். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நவதானியம் தூவினீர்களே, அந்த இடத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா?

மகுடக்காரன் எழுதியது:

டீச்சரம்மா சொன்னது அத்தனையும் சரி. நாங்கள் கணியான் கூத்துக்காரர்கள், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மகுடம் என்னும் பறைதான். சாமி வருகிற நேரத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்.

மகுடம் இரண்டு இருக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். சாயங்காலமே வைக்கோல் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்சுவோம். தோல் இறுகினால்தான் சத்தம் எழும். கதை நடக்கும்போது ஆட்டம், வேடிக்கை எல்லாம் உண்டு. சாமக்கொடை நெருங்கியதும் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட்டை நிறுத்திவிட்டு, சாமியை வரவழைக்கும் வரத்துக்கு எடுப்பார். அப்போது எங்கள் கண் கோமரத்தாடியின் கால் பெருவிரலில்தான் இருக்கும். முகத்தைப் பார்க்கமாட்டோம். பெருவிரல் மண்ணைக் கிள்ளத் தொடங்கினால் சாமி ஏறுகிறது. அங்கேயிருந்து அடியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விரல் அசையாமல் இருக்கும்போது வேகத்தைக் கூட்டினால் ஆள் வெறுமனே துள்ளுவார், சாமி வராது. என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

கைவெட்டும் எங்கள் வேலைதான். நடுச்சாமத்தில் எங்களில் ஒருவர் கையைக் கீறி, சொட்டும் ரத்தத்தைப் படையலில் கலப்போம். என் கையில் தழும்பு இருக்கிறது, என் அப்பா கையிலும் அதே இடத்தில் இருந்தது. அவரை எரிக்கும்போது அந்தத் தழும்பைத்தான் கடைசியாகத் தடவிப் பார்த்தேன்.

கருக்கல் தம்பி, ஒரு கொடையில் கோமரத்தாடி இறந்த முதல் வருஷம் நான் அடித்திருக்கிறேன். பலகையில் சல்லடம் இருந்தது. ஆளே இல்லாமல் வரத்து அடித்தோம். சுற்றி நின்ற 200 பேரும் மூச்சு விடவில்லை. யாருக்கும் வரவில்லை. ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இன்றுவரை அந்த ராத்திரி மறக்கவில்லை. வாருங்கள், பக்கத்தில் நில்லுங்கள். உங்களுக்கு வர வேண்டும் என்றும் நினைக்காதீர்கள், வரக் கூடாது என்றும் நினைக்காதீர்கள்.

வரிநோட்டு எழுதியது:

எனக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. இதைச் சொல்லி யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை. ஆனால் எங்கள் கோயில் வரி நோட்டை 14 வருஷமாக நான்தான் எழுதுகிறேன், அதனால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

தலைக்கட்டு வரி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டுகள் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன, கறையான் தின்றது போக. ஒருவர் இறந்தால் அடுத்த கொடைக்கு அவர் பெயருக்கு மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மகன் பெயரை எழுதுவோம். மூத்தவர்கள் எழுதிய நோட்டில் அப்படிக் கோடு போடவில்லை, அப்பன் பெயரை அப்படியே விட்டுவிட்டு 'மகன் வகை' என்று சேர்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு நானும் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். என் கணக்குப் புத்திக்கு அது சரி என்று பட்டது. பம்பாயில் இருப்பவன், துபாயில் இருப்பவன், சாமியே இல்லை என்று என்னிடம் சண்டை போடுபவன், எல்லாரும் வரி அனுப்புகிறார்கள். ஒருவன் கேட்டான்: "அனுப்பலைன்னா என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது என்றேன். பத்து நிமிஷத்தில் பணம் வந்துவிட்டது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பாருங்கள். காட்டுக்குள்ளே, வாகனம் போகாத இடத்தில், மூன்று தலைமுறைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து வழி கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அதுதான் தொடர்ச்சி என்று நான் நினைக்கிறேன். அதற்கு ஆவி வேண்டியதில்லை.

டீச்சர்_வீரவநல்லூர் எழுதியது:

வரிநோட்டு தம்பிக்கு: கோடு போடுவதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்களே, ஏன் நிறுத்தினீர்கள்? கணக்குக்கு அது தேவையே இல்லை. உங்களை எது நிறுத்தியதோ அதைத்தான் நாங்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறோம். நீங்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. பெட்டிக்கு வேப்பிலை போட்டு வையுங்கள், கறையான் குறையும்.

பரம்புக்காடு எழுதியது:

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். நவதானியம் என்றதும் எழுதத் தோன்றியது.

பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த மேடான எங்கள் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மனியிலிருந்து யாகோர் வந்து தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கத்தில் நெற்றிப்பட்டம், இரும்பு வாள், வெண்கலச் சாமான் எல்லாம் கிடைத்தன. 2004-இல் மறுபடி தோண்டியபோது 160-க்கு மேல் முதுமக்கள் தாழிகள். எல்லாரும் தங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமி. அதைச் சோதித்ததில் காலம் பொது ஆண்டுக்கு முன் 1155 என்று வந்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,200 வருஷம்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஆற்றங்கரையில் ஒருவர் இறந்திருக்கிறார். வீட்டிலிருந்த நெல்லை எடுத்து அவரோடு தாழிக்குள் போட்டிருக்கிறார்கள். எதற்கு? போகிற இடத்தில் பொங்கித் தின்னவா, விதைக்கவா? அது நமக்குத் தெரியப்போவதில்லை. போகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள் என்பதுவரை தெரிகிறது. தாழியைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் ஒடுங்கி, வயிறு உப்பி, அடி கூம்பியிருக்கும். என் பாட்டி அதைப் பார்த்துவிட்டு 'சூலிப்பொம்பள மாதிரி இருக்கு' என்றாள். ஆடிப்பூரத்தில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதியம்மனுக்கு வளைகாப்பு நடத்தி, முளைகட்டிய பயறை அம்மன் மடியில் கட்டுகிறார்களே, பாட்டி அதையும் விடாமல் போய்ப் பார்த்துவந்தவள்.

கருக்கல், நீங்கள் அப்பாவின் சாம்பலில் தூவிய கையும் அந்தக் கையும் ஒரே கரையில்தான் நீண்டிருக்கின்றன.

கருக்கல் எழுதியது:

கொடைக்குப் போய்விட்டு வந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்களைப் பெரியம்மா என்று கூப்பிடலாம் என்றால் அப்படியே கூப்பிடுகிறேன்.

பிடிமண் எடுக்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டதில் எங்கள் ஊரிலும் தலைப்பிள்ளை சல்லடத்தைத் தொடக் கூடாது என்றார்கள். பொங்கல் வைக்கலாம், தீப்பந்தத்துக்கு எண்ணெய் ஊற்றலாம். திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, ராத்திரி சாமக்கொடை. அப்பாவின் சல்லடமும் குல்லாயும் பலகையில் இருந்தன. சல்லடத்து மணியில் ஒன்று மட்டும் புதுசாக மினுங்கியது, போன வருஷம் உதிர்ந்ததை அப்பாவே வாங்கித் தைத்தாராம். மகுடக்காரர் அண்ணாச்சி சொன்னதை நினைத்துக்கொண்டு, வரத்து அடிக்கும்போது நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். எத்தனையோ கால்கள், ஒரு விரலும் அசையவில்லை. சாமியாடி நடுராத்திரியில் சுடுகாட்டுக்குப் போகும் மயான வேட்டைக்கு ஆள் இல்லாததால் பந்தத்தைப் பீடத்துக்கு முன்னாலேயே நட்டு, விடியும்வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விடிகிற நேரம் ஒரு தம்ளர் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் எடுத்துக் குடிக்கவில்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்து ஆள் கலைந்த பிறகு சுடுகாட்டுக்குப் போனேன். பெரியம்மா கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கார்த்திகையில் தூவியதில் பாதி மழையில் போயிருக்கும், மீதியை ஆடு மேய்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு துவரை நின்றது. என் நெஞ்சு உயரம். நெற்று முற்றிக் காய்ந்து, காற்றில் கலகலவென்று சத்தம் போட்டது. சுற்றிலும் உடைமுள்ளை வெட்டி வளைத்துக் கட்டியிருந்தார்கள்.

சுடுகாட்டில் வேலை பார்க்கும் பெரியவர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். "நான்தான்யா முள்ளு வச்சேன். வருஷா வருஷம் கொடைக்கு மொத வேட்டி எனக்குத்தான் தருவாரு ஒங்கப்பா. ஆடு கடிச்சிரப்புடாதுன்னு வச்சேன்."

நான் ஒரு நெற்றை உரித்தேன். நாலு பருப்பு, சிவப்பாக. சுடுகாட்டிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது தெரியும். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் நாலு குழி கீறி, நாலையும் போட்டு மண்ணை மூடினேன். பெரியவர் ஆற்றில் இறங்கி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அதற்குள் நான் எடுத்துவந்திருந்த புது வேட்டியை அவரிடம் கொடுத்தேன்.

அடுத்த கொடைக்கும் வருகிறேன் என்று நோட்டில் என் பெயரைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். கோடு போடாமல்தான் எழுதினார்கள்.